உள்பக்கம் திருப்பிப் பார்த்த பழைய உடுப்புகள்

நாகர்கோவில் வடசேரிச் சந்தைக்குப் போகிற நாட்களில், காய்கறிப் பையைக் கையில் பிடித்தபடியே பக்கத்திலுள்ள ஓர் ஆக்கர் கடையில், அதாவது பழைய பொருட்களை எடைக்கு வாங்கி விற்கும் கடையில், அரை மணி நேரமாவது நிற்பது எனக்கு வழக்கம். பள்ளியில் 27 ஆண்டுகள் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், பழைய பேப்பர்க் கட்டுகளுக்கு நடுவே தையல் தொடர்பான ஏதாவது வந்தால் கடைக்காரர் எனக்காகத் தனியே எடுத்து வைப்பார். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத இறுதியில், "டீச்சரே, நீங்க கேக்கிற மாதிரி ஒரு கெட்டு மேல கெடக்கு. மழைக்கு முந்தி எடுத்துட்டுப் போயிருங்க" என்று அவர் சொல்லிக் காட்டியது, இடிக்கப்படவிருந்த ஒரு பழைய வீட்டிலிருந்து வந்த டிரங்குப் பெட்டியின் உள்ளடக்கம். அதில் பேட்டர்ன்கள், அதாவது துணியை வெட்டுவதற்கான காகித மாதிரிகள், வைத்த வெளிநாட்டு உறைகள் ஆறும், அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்காக யாரோ ஒரு மாணவி எழுதிய தையல் ரெக்கார்டு நோட்டு ஒன்றும் இருந்தன.

பழைய உடுப்புகளையும் பழைய பேட்டர்ன்களையும் தேடுவோர் பெரும்பாலும் மேலட்டைப் படத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒடுங்கிய இடையும் விரிந்த பாவாடையுமாக வரையப்பட்ட அந்தப் பெண்கள் அழகாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் தைத்துப் பழகியவர்களுக்குச் சரக்கு உறைக்குள்ளும் துணியின் உள்பக்கத்திலும் இருக்கிறது என்பதை இத்தனை ஆண்டு அலைச்சலில் கற்றிருக்கிறேன். எந்தப் பழைய உடுப்பைக் கையில் எடுத்தாலும் முதலில் அதை உள்வெளியாகத் திருப்பிவிடுவேன்.

வெளிநாட்டுப் பேட்டர்ன்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆக்கர் கடைக்கு எப்படி வந்தன என்று கேட்பவர்கள் உண்டு. இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனவர்கள், கப்பலில் வேலை செய்தவர்கள், பிறகு வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் செவிலியராகப் போனவர்கள் என்று நம் ஊர்த் தெருக்களில் வெளிநாட்டு முகவரி இல்லாத குடும்பம் குறைவு. திரும்பி வரும்போது கொண்டுவந்த பெட்டிகள் பரணில் ஏறிவிடுகின்றன. ஒரு தலைமுறை கழிந்து வீடு கைமாறும்போது இறங்குகின்றன. ஆக்கர் கடையைத் தவிர, சில கிறிஸ்தவச் சபைகளில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பண்டிகையை ஒட்டி நடத்தும் விற்பனைகளில் பழைய உடுப்புகளுக்கென்று ஒரு மேசை போட்டிருப்பார்கள். மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் பாதையோரத்தில் குவித்து விற்கும் துணிகளில் நான் தேடியவரை பெரும்பாலும் அண்மைக் காலத்து ஆயத்த ஆடைகளே கிடைத்தன. பழையது வேண்டுமென்றால் வீடு காலி செய்கிறவர்களின் பழக்கத்தையும் ஆக்கர் கடைக்காரரின் நல்லெண்ணத்தையும் நம்பியிருக்க வேண்டும்.

அன்று வாங்கிய ஆறு உறைகளில் ஒன்றில் தாளில் எந்த வரியும் அச்சாகியிருக்கவில்லை; துளைகள் மட்டுமே இருந்தன. அதைப் பார்த்தவுடன் குறையுள்ள சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் வெவ்வேறு அளவுகளில் காகிதப் பேட்டர்ன்களை விற்கத் தொடங்கியது 1863-இல். அதன் பின் நெடுங்காலம் மெல்லிய தாளை அடுக்கடுக்காக வெட்டி, துளைகளால்தான் குறியிட்டு விற்றார்கள். பெரிய துளைகள், சிறிய துளைகள் ஒவ்வொன்றும் ஒரு செய்தியைச் சொல்லும். ஒரே வரிசையில் வரும் பெரிய துளைகள் பொதுவாகத் துணியின் பாவு நூல் ஓட வேண்டிய திசையையும், சிறு துளைகள் டாட், அதாவது உடல் வளைவுக்கேற்பத் துணியை மடித்துத் தைக்கும் கூர்மடிப்பு, பிடிக்க வேண்டிய இடத்தையும் காட்டும். எந்தத் துளைக்கு என்ன பொருள் என்பது உள்ளே மடித்து வைத்த விளக்கத் தாளில் இருக்கும். 1920-களில் மெக்கால் நிறுவனத்தின் பேட்டர்ன்களில் வரிகள் அச்சிடப்பட்டு வந்தன என்றாலும், மற்ற சில நிறுவனங்கள் அதற்குப் பிறகும் பல்லாண்டுகள் துளைத் தாள்களையே வெளியிட்டன. ஆகவே விளக்கத் தாள் இல்லாத துளைத் தாளை நான் வாங்குவதில்லை. விளக்கத் தாள் இருந்து ஓரிரு துண்டுகள் குறைந்தால் எந்தத் துண்டு குறைகிறது என்று பார்ப்பேன். கழுத்துப் பட்டியோ இடைப்பட்டியோ குறைந்தால் நாமே வரைந்துகொள்ளலாம். முன்பக்கத் துண்டு இல்லையென்றால் விட்டுவிட வேண்டியதுதான்.

அந்த ஆறில் நான் பெரிதும் விரும்பிய உறை 1940-களின் பாணியில் அமைந்த ஒரு நேர்கழுத்துச் சட்டைக்குரியது. உறையில் அளவு 14 என்று இருந்தது. வெளிநாட்டில் வேலை செய்யும் என் அண்ணன் மகள் அங்கே கடையில் 14 என்று கேட்டு வாங்குகிறவள். விடுமுறைக்கு அவள் வந்த நேரத்தில், கணக்கு ஒத்துப்போகிறது என்ற மகிழ்ச்சியில் 3 மீட்டர் நல்ல பாப்ளின் துணியை நேராக வெட்டித் தைத்துவிட்டேன். போட்டுப் பார்த்தவள், "அத்தை, கையத் தூக்க முடியல்ல, மூச்சும் முட்டுது" என்றாள். மார்பில் ஏறக்குறைய 4 அங்குலம் இடித்தது. உறையின் பின்பக்கத்தைப் படித்திருந்தால் 14-க்கு நேரே மார்பளவு 32 அங்குலம் என்று அச்சாகியிருப்பதைக் கண்டிருப்பேன். அமெரிக்கப் பேட்டர்ன் நிறுவனங்கள் 1950-களின் நடுவிலும் 1960-களின் இறுதியிலும் எண்களை மாற்றியமைத்தன. 32 அங்குல மார்புக்கு இருந்த 14 என்னும் எண், முதல் மாற்றத்தில் 34-க்கும் அடுத்த மாற்றத்தில் 36-க்கும் போய்விட்டது. எண் ஒன்றேதான், உடம்பு வேறு. அந்தப் பாப்ளினை இன்றும் வைத்திருக்கிறேன், என்னிடம் கற்க வருகிற ஒவ்வொருவரிடமும் காட்டுவதற்காக.

இப்போது எந்தப் பழைய பேட்டர்னாக இருந்தாலும் எண்ணை மறந்துவிட்டுத் தாளையே அளக்கிறேன். முன்துண்டு, பின்துண்டு இரண்டையும் மார்பு மட்டத்தில் டேப் வைத்து அளந்து, டாட்டுக்குப் போகும் துணியையும் தையலுக்கு விட்டதையும் கழித்து, இரண்டால் பெருக்கினால் தைத்து முடித்த உடுப்பின் சுற்றளவு கிடைக்கும். அது நம் உடம்பின் அளவைவிட 2 முதல் 4 அங்குலம் கூடுதலாக இருந்தால்தான் கையை வீசி நடக்க முடியும். தையலுக்கு விடும் துணியைப் பொறுத்தவரை அமெரிக்கப் பேட்டர்ன்களில் பெரும்பாலும் ⅝ அங்குலம், அதாவது நம்மூர் ஆசாரிமார் கணக்கில் 5 நூல், தாளிலேயே சேர்ந்திருக்கும். ஜெர்மனியின் புர்தா என்ற தையல் இதழோடு வரும் பேட்டர்ன் தாள்களில் அது சேர்ந்திராது. நாம்தான் சேர்த்து வெட்ட வேண்டும். ஒரே தாளில் பல உடுப்புகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் அந்தத் தாளைப் பார்த்து மலைக்காமல், வேண்டிய கோட்டை மட்டும் வண்ணப் பென்சிலால் ஒருமுறை ஓட்டிக்கொண்டால் வேலை எளிதாகிவிடும்.

துணி எவ்வளவு வேண்டும் என்று உறையில் போட்டிருப்பதையும் அப்படியே நம்பக் கூடாது. அந்தக் கணக்குகள் பலவும் 35, 36 அங்குல அகலத் துணிக்கானவை. இன்று நாம் வாங்குவது 44 அல்லது 58 அங்குலம் என்பதால், தாள்களைத் தரையில் பரப்பி நாமே அடுக்கிப் பார்த்தால் அரை மீட்டருக்கு மேல் மிச்சமாவதுண்டு.

அசல் தாளில் கத்தரி படக் கூடாது என்பது என் வீட்டில் கண்டிப்பான விதி. சுருங்கிய தாளை நீராவி இல்லாமல், மிகக் குறைந்த சூட்டில், மேலே ஒரு மல் துணியை விரித்து இஸ்திரி போட்டுக்கொள்கிறேன். அதன்மேல் ஊடுருவித் தெரியும் தாளை வைத்துப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில்தான் நம் அளவுக்கேற்ப மாற்றங்களைச் செய்ய வேண்டும். பிறகு மலிவான காடாத் துணியில் ஒருமுறை தைத்துப் பார்த்துவிட்டால் நல்ல துணிக்குச் சேதமில்லை. பழைய பேட்டர்ன்களில் டாட்டின் முனை நாம் எதிர்பார்ப்பதைவிட மேலே நிற்கும். அக்காலத்து உள்ளாடைகள் மார்பை வேறு விதமாகத் தாங்கியதே அதற்குக் காரணம். காடாத் துணியில் போட்டுப் பார்க்காமல் அது தெரியவராது.

அந்த ரெக்கார்டு நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓட்டுத்தையல், பின்தையல், சங்கிலித்தையல், காஜா, ஒட்டுப்போடுதல் என்று உள்ளங்கை அளவுத் துணிகளில் தைத்து ஒட்டியிருந்தாள் அந்தப் பெண். ஜப்லா, பாவாடை, ஏ லைன் ஃபிராக், ரவிக்கை ஆகியவற்றைச் சிறிய அளவில் வெட்டித் தைத்து, எதிர்ப்பக்கத்தில் பிரவுன் தாளில் வரைபடத்தை ஒட்டியிருந்தாள். ரவிக்கைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால், 'கைக்குழி அரை அங்குலம் இறக்கவும், இறக்காவிட்டால் கக்கத்தில் கிழிகிறது' என்று எழுதியிருந்தது. ஆசிரியை சொல்லி எழுதியதா, தானே தைத்துப் போட்டுக் கிழிந்தபின் எழுதியதா என்று சொல்வதற்கில்லை. அச்சிட்ட உறைகள் ஆறும் எனக்குக் கற்றுத் தந்ததைவிட அந்த ஒரு வரி கூடுதலாகக் கற்றுத் தந்தது. ஏனென்றால் நம் ஊரின் உடல்வாகுக்கு, நம் ஊரின் வியர்வைக்கு, நம் ஊர்ப் பெண்கள் கையை உயர்த்திச் செய்யும் வேலைக்கு அந்த அரை அங்குலம் வேண்டியிருக்கிறது. பழைய பேட்டர்ன் வாங்கும்போது பென்சில் குறிப்புகள் இருப்பதைக் குறை என்று சொல்லி விலை குறைப்பவர்கள் உண்டு. நான் அத்தகையதைத்தான் முதலில் எடுப்பேன்.

சபை விற்பனை ஒன்றில் 30 ரூபாய்க்கு வாங்கிய வெள்ளை மல் ஜம்பர் ஒன்று என்னிடம் இருக்கிறது. இளையவர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் ஊர்ப் பாட்டிமார் ரவிக்கையை ஜம்பர் என்றுதான் சொல்வார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கழுத்தோரத்தில் விரலகல லேஸ் வைத்த, முட்டிவரை கை உள்ள எளிய சட்டை. உள்பக்கம் திருப்பினால் இரு ஓரங்களிலும் ஒன்றேகால் அங்குலத் துணி மடித்து விடப்பட்டிருந்தது. அந்த மடிப்பில் மூன்று வரிசை ஊசித் துளைகள். உள்ளே உள்ள இரண்டு வரிசைகளில் நூல் இல்லை, பிரித்த தடம் மட்டுமே. வெளி வரிசையில் சற்றே மஞ்சளான நூல் ஓடியது. அதாவது அதை உடுத்தவர் இரண்டு முறை பிரித்து அகலப்படுத்தியிருக்கிறார். முன்பக்கத்தில் பொத்தான் துளைகளை அடைத்து ஹூக் வைத்திருந்தார். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் காலத்துக்கு அது வசதியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கக்கத்தில் 3 அங்குலச் சதுரத் துண்டு ஒன்று கோணலாக வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. வலது தோளில் ஒட்டுப் போட்ட துணி அதே மல்தான். எங்கிருந்து எடுத்தார் என்று தேடியபோது, இரண்டு கைகளின் கரைமடிப்பும் இடுப்பின் கரைமடிப்பைவிடக் குறுகலாக வெட்டப்பட்டிருப்பது தெரிந்தது. ஒரு சாண் துணியும் வெளியிலிருந்து வாங்காமல் ஒரு சட்டையைப் பல்லாண்டுகள் ஓட்டியிருக்கிறார்.

இன்று கடையில் தைத்து வாங்கும் ரவிக்கைகள் பலவற்றில் ஓரத்தில் அரை அங்குலத்துக்கு மேல் விடுவதில்லை. ஓராண்டில் உடம்பு சற்றுப் பூசினால் ரவிக்கை வீண். ஓரத்தில் ஒன்றேகால் அங்குலம் விட்டுத் தையுங்கள் என்று தையற்காரரிடம் கேட்டுத் தைத்துக்கொள்வதில் தவறில்லை. அந்தத் துணிக்கும் சேர்த்துத்தானே பணம் கொடுத்திருக்கிறோம்.

ஜம்பரின் பழைய வெட்டைக் காட்டினால், இது என்ன பழம்பாணி என்று கேட்கும் மாணவிகளுக்கு நான் ஒன்று சொல்வதுண்டு. இந்த மண்ணில் பெண்கள் மேலாடை அணிவதற்கே போராட வேண்டியிருந்தது. திருவிதாங்கூர் ஆட்சியில் சாதியின் பேரால் மறுக்கப்பட்ட அந்த உரிமைக்காக நம் ஊர்ப் பெண்கள் சந்தையிலும் சாலையிலும் தாக்கப்பட்டார்கள், உடுப்பு கிழிக்கப்பட்டது. 1859 ஜூலை 26-இல் வந்த அரச அறிக்கை நாடார் பெண்கள் குப்பாயம் என்னும் மேல்சட்டையை அணியலாம் என்று அனுமதித்தபோதும், உயர்சாதிப் பெண்கள் உடுக்கும் முறையில் உடுக்கக் கூடாது என்ற தடையை விட்டே வைத்தது. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் தம் பள்ளியில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அதில் கிடைத்த கூலி அவர்களுக்குக் கைக்காசாயிற்று. அவர் மகள் எலைசா, கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கைவேலையும் உடன் போயிற்று. ஆகவே கழுத்தில் லேஸ் வைத்த ஒரு பழைய ஜம்பர் இந்த மாவட்டத்தில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும்போது, அதை வெறும் பாணியாக என்னால் பார்க்க முடிவதில்லை. கந்தல் மூட்டையில் போட விடாமல் எடுத்துவிடுகிறேன்.

காலத்தைக் கணிப்பதில் விற்பவரின் சொல்லைவிடத் துணியின் சொல்லை நம்ப வேண்டும். 'பாட்டி காலத்துப் புடவைச் சட்டை, 80 வருஷம் பழசு' என்று ஒருவர் என்னிடம் விலை ஏற்றிச் சொன்னது பாலியெஸ்டர். விதிப்படி ஒரு சிறு சோதனை செய்தேன்: உள்மடிப்பிலிருந்து இரண்டு நூலை உருவி, கிண்ணத்தின்மேல் பிடித்துக் கொளுத்திப் பார்த்தபோது அது உருகிக் கறுத்த மணியாக உறைந்தது. பருத்தியாக இருந்தால் காகிதம் எரியும் மணத்தோடு சாம்பலாகியிருக்கும். டெரிலின் என்ற பாலியெஸ்டர் இழையே இங்கிலாந்தில் 1941-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அது நம் வீடுகளில் புழங்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின. ஜிப்பும் ஒரு சாட்சி. இடப்பக்க ஓரத்தில் உலோகப் பல் ஜிப் இருந்தால் 1960-களுக்கு முந்தையதாக இருக்க வாய்ப்புண்டு, நைலான் ஜிப் இருந்தால் அதற்குப் பிந்தையது. ஆனால் ஜிப்பை மட்டும் யாரும் மாற்றியிருக்கலாம் என்பதால், சுற்றியுள்ள தையலில் பழைய துளைகள் இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்வேன்.

வாங்குவதற்கு முன் இன்னும் இரண்டைப் பார்க்கிறேன். தோளிலும் கக்கத்திலும் தையலை மெதுவாக இழுத்தால் நூல் நொறுங்குகிறதா என்று தெரியும். நூல் போயிருந்தால் மீண்டும் தைத்துக்கொள்ளலாம், துணியே இற்றிருந்தால் உடுக்க முடியாது, வெட்டைப் பிரதியெடுக்க மட்டும் உதவும். அடுத்தது ஹூக்கைச் சுற்றிய துருக்கறை. வெள்ளைப் பருத்தியாக இருந்தால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் சற்று நேரம் வைத்துக் கழுவினால் கறை பெரும்பாலும் மங்கும். வண்ணத் துணியிலும் பட்டிலும் அதைச் செய்யக் கூடாது.

நம் மாவட்டத்தில் இந்தப் பொருட்களுக்கு உண்மையான எதிரி மழைதான். ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று என்று இரண்டும் இங்கே பெய்கின்றன, நடுவில் கடற்காற்று. ஆக்கர் கடையிலிருந்து வரும் எந்தத் தாளையும் நான் நேரே அலமாரியில் வைப்பதில்லை. நிழலில் காற்றாட விரித்து, பூஞ்சணம் இருந்தால் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வெளியே வைத்துத் தூரிகையால் துடைத்து, பிறகு பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃபிரீசரில் ஒரு வாரம் வைத்து எடுப்பேன். இராமபாணப் பூச்சிக்கு அது போதும். உறைக்குள் இருக்கும்போதே முழுவதும் அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் தாள்மேல் நீர் கோத்துவிடும். பழைய பருத்தி உடுப்பைக் கஞ்சி போட்டு மடித்து வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன். கஞ்சி பூச்சிக்கு விருந்து.

பெட்டியோடு வாங்கும்போது சில நேரம் கடிதங்களும் புகைப்படங்களும் சேர்ந்து வந்துவிடுகின்றன. அவற்றைக் கடைக்காரர் மூலமாக உரிய குடும்பத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன். எடைக்கு என்ன விலையோ அதை மட்டும் கொடுத்துவிட்டு வருவதும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த ரெக்கார்டு நோட்டு எடைக்கு 10 ரூபாய்கூடத் தேறாது. நான் 200 ரூபாய் கொடுத்தேன். அதன் பிறகுதான் அவர் தையல் தொடர்பான தாள்களைக் கிழிக்காமல், நனையாமல் மேல்தட்டில் எடுத்து வைக்கத் தொடங்கினார்.

சென்ற மாதம், என்னிடம் கற்க வரும் சுங்கான்கடைப் பெண் ஒருத்தி அந்த மல் ஜம்பரின் வெட்டைப் பிரவுன் தாளில் பிரதியெடுத்தாள். கக்கத்துச் சதுரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கைக்குழியை ரெக்கார்டு நோட்டில் உள்ளபடி அரை அங்குலம் இறக்கி, தன் அளவுக்கு முதலில் காடாத் துணியிலும் பிறகு புது மல்லிலும் தைத்தாள். தாளின் ஓரத்தில் மார்பு 36, கைச்சுற்று 12 என்றும், தேதியையும், எங்கே இழுத்தது என்பதையும் பென்சிலால் எழுதி வைக்கச் சொன்னேன். இரு ஓரங்களிலும் ஒன்றேகால் அங்குலம் உள்ளே விட்டிருக்கிறாள். இப்போதைக்கு அதில் ஒரு வரிசைத் தையல் மட்டும் இருக்கிறது.